மூணு ஹார்ட்ஸ்

ஜனக்புரி சமூகக் கூடத்தின் ஜன்னல் வழியே ஜனவரி வெயில் மெலிந்து பிரிட்ஜ் சீட்டு மேஜைமேல் விழுகிறது. விசாலாக்ஷி தன் கையை எடைபோடுகிறாள். ஏஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று என்று கூட்டினால் பத்தொன்பது புள்ளி வருகிறது. இந்தக் குளிர்காலத்தில் இத்தனை வலுவான கை அவளுக்கு வந்ததே இல்லை. "ஒரு ஹார்ட்ஸ்" என்கிறாள். எதிரே, வருஷக்கணக்காக அவளுக்கு ஜோடியாக ஆடும் சி பிளாக் மகாதேவன், "ரெண்டு ஹார்ட்ஸ்" என்கிறார். அவரிடம் ஆறிலிருந்து ஒன்பது புள்ளி வரை இருக்கிறது என்று அர்த்தம். அது போதும், நேராக நாலு கேட்டு ஏலத்தை முடித்துவிடலாம். முடித்தால் இந்தக் கடைசி ஆட்டமும் ஆடித் தீர்ந்துவிடும், அவர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு எழுந்துவிடுவார். நாளைக் காலை புனேவுக்கு, மகன் வீட்டோடு இருக்கப் போகிறார். ஏலத்தின்போது வேறு பேச்சு கூடாது என்பது விதி. மற்ற நேரத்திலும் அவர்கள் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். "மூணு ஹார்ட்ஸ்" என்கிறாள். மேலே வருகிறீர்களா என்று ஜோடியைக் கேட்கிற ஏலம் அது. கை மெலிந்திருந்தால் பாஸ் சொல்லிவிட வேண்டும். மகாதேவன் சீட்டைப் பார்க்கவில்லை, அவளையே பார்க்கிறார். மூலையில் ஹீட்டர் முனகுகிறது. "நாலு." மற்றவர்கள் பாஸ் சொல்ல, எதிரணியின் கபூர் முதல் சீட்டை இறக்குகிறார். ஆட்ட முறைப்படி மகாதேவன் தன் கையை மேஜைமேல் விரிக்கிறார். வெறும் ஆறு புள்ளி. "அரே பாயி, இத்னே மே?" இவ்வளவை வைத்துக்கொண்டா நாலு என்று கபூர் சிரிக்கிறார். மகாதேவன் விசாலாக்ஷியிடம்தான் பதில் சொல்கிறார்: "நீங்க கேட்டேளே."