பஸ் ஸ்டாப்பில் ஒரு கறுப்பு போஸ்டர்

"அப்பா, போறவங்க வர்றவங்களை முறைச்சுப் பார்க்காதீங்க. பஸ்ஸுக்கு நிக்கிறவர் மாதிரி சாதாரணமா உட்காருங்க."

"நிக்கிறவன் மாதிரி எப்படிம்மா உட்கார்றது?"

மகள் சிரிக்கவில்லை. விளம்பர வடிவமைப்பு படிக்கும் அவளுக்கு வீட்டில் 'மை டப்பா' என்று பெயர். விரலில் மை இல்லாமல் அவள் சாப்பிட உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இன்று அவளுடைய கடைசி போஸ்டருக்குத் தேர்வு. தேறாவிட்டால் படிப்பு அவ்வளவுதான். சித்தப்பா தன் ஆபீஸில் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுக் காத்திருந்தார்.

அவள் திறமைக்கு ஒரு குறையும் இல்லை. ரத்த தானத்துக்கு அவள் வரைந்த துளி எவ்வளவு அழகென்றால், அம்மா அதைத் தக்காளி என்று நினைத்துச் சமையலறையில் மாட்டிவிட்டாள். 'சாலையில் கவனம்' என்று அவள் செய்த போஸ்டரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே வந்த இரண்டு சைக்கிள்காரர்கள் மோதி விழுந்தார்கள். எழுந்து, இன்னொரு தடவை பார்த்து, மறுபடி மோதினார்கள். இரண்டுக்கும் ஆசிரியர் எழுதியது ஒன்றுதான்: 'அழகாக இருக்கிறது. வேலை செய்யவில்லை.'

கடைசித் தேர்வுக்கு அவர் போட்ட விதி இது: "நிஜமான ஒரு கடைக்குப் போஸ்டர் பண்ணணும். எந்தக் கடைன்னு நீங்க வாயைத் திறக்கக் கூடாது. பார்க்கிறவன் கால் தானா அங்க நடக்கணும்."

பஸ் ஸ்டாப்பின் கண்ணாடிச் சட்டத்துக்குள் மை டப்பாவின் போஸ்டர் இருந்தது. முழுக்கக் கறுப்பு. அடியில் பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி.

"மை கொட்டிடுச்சா?" என்றார் அப்பா.

"இல்லப்பா, அப்படியேதான். இத்தனை நாளா 'என் படத்தைப் பாரு, என் படத்தைப் பாரு'ன்னு கத்திட்டிருந்தேன். இப்பதான் புரியுது, ஜனங்க போஸ்டரைப் பார்க்கிறதே இல்லை. அவங்க கண்ணு வேற ஒண்ணைத் தேடுது."

"எதை?"

"பாருங்களேன்."

ஒரு மீசைக்காரர் போஸ்டர் முன்னால் நின்றார். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, உற்று உற்றுப் பார்த்தார். பஸ் வந்தது, போனது, அவர் ஏறவில்லை. அடுத்து கைப்பையோடு ஒரு இளைஞன். அவனும் அசையவில்லை.

"பஸ்ஸையே விட்டுட்டான்டி! ஜெயிச்சுட்டே!" அப்பா துள்ளி எழுந்து, போஸ்டருக்கு முன்னால் போய் நின்றார். போன வேகத்திலேயே தொங்கிய முகத்துடன் திரும்பி வந்தார்.

"மோசம் போயிட்டோம்மா. யாரும் உன் போஸ்டரைப் பார்க்கல. அவனவன் மூஞ்சியைப் பார்த்துக்கறான். கறுப்புக்கு மேல கண்ணாடியா, எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. எனக்கு மூக்குல முடி இருக்கிறதே இப்பதான் தெரிஞ்சுது."

மை டப்பா நகத்தைக் கடித்தாள். உதட்டில் மை ஒட்டியது.

அப்போது ஆசிரியர் வந்து சேர்ந்தார். அவர் தலையில் இருந்ததை முடி என்று சொல்வது அடக்கமான பேச்சு, அது காடு. வகுப்பில் யோசிக்கும்போது அவர் அதில் செருகிய பென்சில்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"படம் எங்க?"

"படம் இல்ல சார்."

"சேதி?"

"கீழ ஒரு வரி இருக்கு சார்."

ஆசிரியர் குனிந்தார். சட்டைப் பையைத் தடவினார். "படிக்கிற கண்ணாடியை வீட்லயே வெச்சுட்டேன். இதென்ன, எறும்புக்கு எழுதினியா?"

எதிர்வரிசைக் கடைகளை ஒரு நோட்டம் விட்டார். "கறுப்பு... குடைக் கடையா? செருப்புக் கடையா? சொல்லாதே! போஸ்டர் சொல்லட்டும்."

மறுபடி போஸ்டர் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை அதிக நேரம் நின்றார். தலையைச் சாய்த்தார். இடது காதுக்கு மேல் கையை விட்டுக் கோதினார். ஒரு பென்சில் கீழே விழுந்தது.

சட்டென்று சுதாரித்து, மதிப்பெண் தாளை எடுத்துக் கிறுக்கி அவளிடம் நீட்டினார். "நின்னேன், ஒத்துக்கறேன். ஆனா நிக்க வைக்கிறது மட்டும் விளம்பரம் இல்லம்மா, நடக்க வைக்கணும். தேறல."

அப்பா மகளின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டினார். "விடு கண்ணு. சித்தப்பாவுக்குப் போன் பண்ணிடலாம்."

"கொஞ்சம் இருங்கப்பா. சார் இன்னும் பஸ் ஏறல."

உண்மைதான். பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஆசிரியர் ஏறவில்லை. போஸ்டரை ஓரக்கண்ணால் இன்னொரு தடவை பார்த்தார். தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில், விறுவிறுவென்று சாலையைக் கடந்தார்.

அப்பா ஓடிப்போய், கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து, அந்தப் பொடி எழுத்து வரியை வாய்விட்டுப் படித்தார்: "பார்த்துவிட்டீர்களா? எதிர்ப்பக்கம் நாற்காலி காலியாக இருக்கிறது."

எதிரே சலூனிலிருந்து மீசைக்காரர் பளபளவென்று வெளியே வர, உள்ளே கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்த ஆசிரியர், முன்னாலிருந்த கண்ணாடியில் சாலைக்கு அப்பால் தெரிந்த மை டப்பாவைப் பார்த்துத் திடுக்கிட்டு, பிறகு துணிக்குள்ளிருந்து மெல்லக் கையை வெளியே எடுத்து, மதிப்பெண் தாளைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டினார்.