தட்டில் இரண்டு கொண்டை ஊசிகள்

அந்த ஆய்வகக் கருவியின் பெரிய காந்தத்துக்குள் மருந்து அடைத்த கண்ணாடிக் குழாயை இறக்கி, ரேடியோ அலையால் தட்டினால், மருந்திலுள்ள அணுக்கருக்கள் தாங்கள் யாரென்று பதில் சொல்லும். காந்தம் இரும்பைச் சுண்டி இழுக்கும் என்பதால், சாவி, ஊசி எல்லாவற்றையும் வாசல் தட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

கருவியை இயக்கிவந்த பெண் இறந்த பிறகும், தினம் காலையில் அவளுடைய கொண்டை ஊசிகள் இரண்டும் தட்டில் கிடந்தன.

"செத்தும் லீவு போட மாட்டியா நீ?" என்று கேட்டுவிட்டு, கூட வேலை பார்த்த அவள் கணவர் தன் சாவியைப் பக்கத்திலேயே வைப்பார்.

நேற்று அந்தப் பழைய காந்தத்தை நிரந்தரமாக அணைத்தார்கள்.

"இனிமே எதையும் கழட்ட வேண்டாம் சார், அப்படியே உள்ள போகலாம்," என்றார் பொறியாளர்.

இன்று காலை தட்டு காலியாக இருந்தது. ஊசியோடேயே உள்ளே போயிருக்கிறாளா, இல்லை போயே விட்டாளா? சாவியைக் கையில் பிடித்தபடி அவர் கதவருகே நின்றார். அணுக்கருக்களைப்போல அவளையும் தட்டிக் கேட்கலாம் என்றால், காந்தமும் அணைந்துவிட்டது.