ஜேசன் பெயரை நீக்க முடியவில்லை

ஒரே ஒரு பெயரை நீக்க ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் பட்டனை அமுக்குவான், சொல்லுங்கள்? பெருங்களத்தூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேதசிரோமணி மத்தியானத்திலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் திரையில் வந்தது ஒரே வரிதான்: 'மாற்றத்தைச் சேமிக்க முடியவில்லை.'

சாயங்காலம் நாவலூர் ஆபீசுக்குப் போன் போட்டார். குடியிருப்புகளில் யாரை கேட்டுக்குள் விடலாம், யாரை விடக்கூடாது என்று பார்த்துக்கொள்ளும் ஆப் அவர்களுடையது. எடுத்தவன் அன்பு.

"இதையெல்லாம் எவன்யா எழுதினது? ஒரு பேரை அழிக்கத் தெரியல. கம்பெனி நடத்தறீங்களாம், கம்பெனி!"

"சார், கொஞ்சம் மரியாதையா பேசுங்க. யார் பேரு?"

"ஜேசன். என் மாப்பிள்ளை. எப்ப வேணா உள்ள வரலாம்னு போட்டிருக்கு, அதை எடுக்கணும். நாளைக்குக் காலைல வர்றேன்னு சொல்லி அனுப்பியிருக்கான். கேட்டைத் தாண்டக் கூடாது."

"வாட்ச்மேன்கிட்ட சொல்லிடுங்களேன்."

"சொல்லாம இருப்பேனா? ஸ்கிரீன்ல பச்சை வந்தா திறப்பேன், சிவப்பு வந்தா நிறுத்துவேன், வாயால சொல்றது செல்லாது சார்னுட்டான். அசோசியேஷன் ரூலாம்."

"உங்களுக்குள்ள என்ன சார் பிரச்சினை?"

"அது குடும்ப விஷயம். ஹெட்மாஸ்டரா இருந்தவன் உங்கிட்ட வந்து ஒப்பிக்கணுமா? பேரை எடுடா!"

"உங்க பொண்ணு எங்க சார்?"

"உள் ரூம்ல இருக்கா. இனிமே அனுப்பறதா இல்ல."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?"

"அவ கையில போனே கிடையாது. நீ உன் வேலையைப் பாரு."

அன்புவுக்குச் சுருக்கென்றது. அவன் மனைவி தீபலட்சுமியை அவள் அப்பா இப்படித்தான் கோவிலம்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாதி வேறு. கேட்டுக்கு வெளியே மழையில் இவன் நின்றதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து ஹாஸ்டல் கட்டில்தான் இவனுக்கு வீடு.

"லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் கதிரேசன் பக்கம் திரும்பினான். "மச்சான், பெருங்களத்தூர் ரிக்வெஸ்ட் எல்லாம் ஃபெயில் ஆகுது. உன் சர்வர் படுத்துடுச்சா?"

"எது நடந்தாலும் என் சர்வர் மேல பழியப் போடு. அது கல்லு மாதிரி கீது." கதிரேசன் பதிவுகளைத் திறந்து பார்த்தான். "இங்க பாரு. பெரிசு பக்கத்தைத் திறக்கறாரு. அவரு சேவ் அமுக்கறதுக்குள்ள, இன்னொரு போன்லேர்ந்து அதே ஜேசன் பேரை யாரோ திரும்பவும் சேவ் பண்றாங்க. உடனே பெரிசு பக்கம் பழசாயிடுது. பழசு வந்தா சர்வர் எடுத்துக்காது, அவ்ளோதான்."

"யாரு போன் அது?"

"அபிகாயில்னு கீது. பொண்ணுதான் போல. வுடாம அமுக்கிக்கினே கீது. அந்தப் போனை லாக் அவுட் பண்ணு, மேட்டர் ஓவர்."

அன்பு திரையையே பார்த்தான். பூட்டிய அறைக்குள் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு போனை ஒளித்து வைத்துக்கொண்டு, கட்டியவன் வரும் வழியைத் திறந்து வைக்க ஒருத்தி போராடுகிறாள். தீபலட்சுமி இவனுக்காக ஒரு மிஸ்டு கால்கூடக் கொடுத்ததில்லை.

லாக் அவுட் பட்டனை அவன் தொடவில்லை.

"சார், சர்வர் ப்ராப்ளம். நாளைக்கு மத்தியானம்தான் சரியாகும்."

"மத்தியானமா? காலைலயே வந்துடுவான்யா!" வேதசிரோமணியின் குரல் இறங்கியது. "தம்பி, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். எப்படியாவது இன்னிக்கே எடுத்துடுப்பா."

"இப்ப மட்டும் தம்பியா? 'எடுடா'ன்னு சொல்லும்போது தெரியலையா? சேர்ந்து வாழறவங்களைப் பிரிக்கறதுக்கு எங்க ஆப்தான் கிடைச்சுதா உங்களுக்கு?"

"உனக்கு என்னடா தெரியும்..."

அன்பு லைனைத் துண்டித்தான்.

"இன்னா மச்சான், ஹெட்மாஸ்டரையே முட்டி போட வெச்சிட்டே!" என்று கதிரேசன் சிரித்தான். அன்புவும் சிரித்தான். மனசு லேசாக இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

மறுநாள் காலை ஜேசன் வந்தான். திரையில் பச்சை விழுந்தது. வாட்ச்மேன் துரை கேட்டைத் திறந்துவிட்டார்.

லிஃப்ட் வாசலில் வேதசிரோமணி குறுக்கே நின்றார். "எம் பொண்ணு கையை ஒடிச்சது போதாதா? யார்டா உன்னை உள்ள விட்டது?"

ஜேசன் பாக்கெட்டிலிருந்து ஒரு போனை எடுத்துக் காட்டினான்.

"உங்க பொண்ணு போன்தான் மாமா. தப்பிச்சு ஓடற அவசரத்துல எங்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டா."