முயல் வைத்த பேர்

தலையில் உப்புப் பெட்டியோடு சங்கரம்மா மைனி வரப்பில் வந்துகொண்டிருந்தாள். எதிர்முனையில் முதலாளி ஏறிவிட்டார்.

அம்பாரத்தில் உப்பைத் தட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் அதைப் பார்த்தேன்.

உப்பளத்து வரப்பு ஓர் ஆள் நடக்கிற அகலம்தான். முதலாளி எதிரே வந்தால் சுமைக்காரிதான் ஒதுங்க வேண்டும். போன மாதம் தங்கத்தாய் ஒதுங்காமல் போய் அவர் மேல் மோதினாள். கண் தெரியாதவளுக்கு அளத்தில் என்ன வேலை என்று அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிட்டார்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் இந்தச் சோதனை. தானே எதிரே நடந்து வந்து பார்ப்பார். யாரும் குரல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

மைனிக்குக் கண் போய் ஒரு வருஷம். பதினெட்டு வருஷ வெயிலும் உப்பின் வெள்ளையும் தின்ற கண். வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. வீட்டில் மூன்று பிள்ளைகள். அவளுக்குக் கண் தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

வரப்பின் மேடு பள்ளமெல்லாம் அவள் பாதத்துக்கு மனப்பாடம். ஆள் வருவதைச் சொல்ல மட்டும் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. வரப்பு முனையில் சரளைக்கு நடுவே நாலு முட்டை இட்டிருந்தது. யார் அங்கே கால் வைத்தாலும் 'டிட்டிட்டீ, டிட்டிட்டீ' என்று ஊரைக் கூட்டும். மைனி ஒதுங்கிவிடுவாள்.

"ஆளைக் காட்டிக்கொடுக்கிற சவத்துக்குப் பேரைப் பாரு" என்று ஒருநாள் அதை ஏசினேன்.

"அது வேட்டைக்காரன் வச்ச பேருளா. முயலுகிட்டக் கேட்டுப் பாரு, வேற பேரு சொல்லும்" என்றாள்.

முந்தாநாள் அந்தக் குருவி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டது. மைனியிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாவி, சொல்லித் தொலைத்திருக்கலாம்!

முதலாளிக்கும் அவளுக்கும் இருபது அடி. புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகளின் இரைச்சலில் அவர் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது.

வரப்பு முனையில் வெள்ளத்துரை கங்காணி நின்றார். வாயில் சுருட்டையும் வசவையும் தவிர வேறெதையும் நான் கண்டதில்லை. எந்நேரமும் இருமுவார், அதனால் அதை யாரும் காதில் வாங்குவதில்லை. அவருக்கு நாங்கள் வைத்திருந்த பேரை இங்கே எழுத முடியாது.

பத்து அடி.

முத்தாரம்மா, காப்பாத்து தாயே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

'டிட்டிட்டீ... டிட்டிட்டீ...'

கண்ணைத் திறந்தேன். மைனி பெட்டி ஆடாமல் பாத்திக்குள் இறங்கி நின்றாள். "வாங்க மொதலாளி" என்றாள். அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, குருவி எங்கே என்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கடந்து போனார்.

நானும் பார்த்தேன். வானத்தில் ஒரு காக்கை கூட இல்லை.

வரப்பு முனையில் கங்காணி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க இருமிக்கொண்டிருந்தார். இருமி முடித்ததும் எங்களைப் பார்த்து, "என்னளா வேடிக்கை? சுமையைக் கொண்டு தட்டுங்க, மூதிகளா!" என்று கத்தினார்.

மைனி மெல்ல நடந்து அம்பாரத்துக்கு வந்து சேர்ந்தாள். பெட்டியை இறக்கக் கை கொடுத்தேன். அவள் என் காதருகே குனிந்தாள்.

"ஏளா பேச்சி, குஞ்சோட போன குருவிக்கு ஏதுளா சுருட்டு இருமல்? அந்த மனுசனுக்கு நாம வச்ச பேர மாத்தணும்."