கதவோரப் பை

புனே பக்கம் சிஞ்ச்வட்டில் இருக்கும் மகள் சந்திரிகாவின் வீட்டுக்கு வந்த நாள் முதல் அருணாச்சலத்துக்கு நெஞ்சு பதைத்துக்கொண்டே இருந்தது. வாசல் கதவோரம் ஜிப் போட்ட பை ஒன்று எப்போதும் தயாராக இருந்தது. கீழே அவளுடைய ஸ்கூட்டர் கேட்டைப் பார்த்தே நின்றது. சாப்பிடும்போதுகூட அவள் போனைக் கீழே வைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அந்த போன் அலறியது. எடுத்துப் பேசிவிட்டு வாசலுக்கு ஓடியவள், "அப்பா, இங்கே இருந்த பை எங்கே?" என்று கத்தினாள்.

"நான்தான் என் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். எந்தச் சண்டையா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம். புருஷனை விட்டுட்டுப் போகாதேம்மா!"

லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளை முகுந்த் திகைத்துப்போனார்.

"சண்டையா? மாமா, இவ ஃபாக்டரியில தீயணைப்பு வாலண்டியர். இந்த வாரம் இவ முறை. கூப்பிட்டா பத்து நிமிஷத்துல அங்க நிக்கணும். பையில இருக்கறது ஹெல்மெட்டும் பூட்ஸும்!"

அருணாச்சலத்துக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்ப் பையை இழுத்து வந்து, மகள் தோளில் தானே மாட்டிவிட்டார்.

"இன்னும் நின்னுக்கிட்டு இருக்கியே, கிளம்பும்மா! பத்து நிமிஷத்துல ரெண்டு நிமிஷம் என்னாலயே போச்சு. பத்திரமா போயிட்டு வா!"