ஸ்பேமில் விழுந்த கல்யாணங்கள்

“அங்கிள், நீங்க அனுப்பின மெயில் எல்லாம் போயிருக்கு. ஆனா அனேகமா யார் கண்ணுலயும் படல. அத்தனையும் ஸ்பேம்ல போய் விழுந்திருக்கு” என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள் ரெனிதா.

“ஸ்பேம்னா இன்னாம்மா?”

“குப்பைத்தொட்டி மாதிரி. மோசடி மெயில், லாட்டரி மெயில் எல்லாம் அங்கதான் போகும்.”

பிரகாசத்தின் முகம் சுருங்கியது. “நான் இன்னா லாட்டரியா விக்கிறேன்? அவங்கவங்க கல்யாண போட்டோவைத்தானே அனுப்பினு கீறேன்.”

ஆவடி பருத்திப்பட்டில், ஏரிக்குப் போகும் தெருவில் பிரகாசத்தின் ஸ்டூடியோ. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பாதிக்கு அவர்தான் போட்டோகிராபர். செல்போன் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. பழைய நெகட்டிவ்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு ஜோடிக்கும் அவர்களுடைய கல்யாண நாளன்று ஒரு படத்தை மெயிலில் அனுப்ப ஆரம்பித்தார். பார்த்தவர்கள் பிரேம் கேட்டார்கள், புது ஆல்பம் கேட்டார்கள். கடை பிழைத்துக்கொண்டது. இப்போது ஆர்டர் நின்றுபோய், கடையைக் காலி செய்வதாகக் கட்டட உரிமையாளரிடம் சொல்லியும் விட்டார்.

அதைக் கேள்விப்பட்டுத்தான், மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ரெனிதா, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். கம்பெனி மெயில்கள் ஸ்பேமில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் ஐ.டி. கம்பெனியில் அவளுக்கு வேலை.

“கடை பேர்லயே முகவரி வாங்கியாச்சு. இது நிஜமா உங்க கடை மெயில்தான்னு அத்தாட்சியும் சேர்த்துட்டேன். இனிமே குப்பைக்குப் போகாது. ஆனா ஒண்ணு, யார் யார் திறந்தாங்கன்னு இதுல தெரியும். மெயில் ஒழுங்கா போன காலத்துலயும் திறந்தே பார்க்காதவங்களை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடணும். அவங்களுக்கு அனுப்ப அனுப்ப, இது யாருக்கும் வேண்டாத மெயில்னு முடிவாகி, மத்தவங்களுக்கும் போய்ச் சேராது.”

“சரி, பேரைச் சொல்லு.”

“பரந்தாமன்?”

“மாங்காட்டுப் பையன். அன்னைக்கு இன்னா மழை தெரியுமா? மண்டபத்துல முட்டி வரைக்கும் தண்ணி. வேட்டியத் தூக்கிக் கட்டினுதான் தாலி கட்டினான்.”

“திறந்ததே இல்ல அங்கிள். எடுத்துடவா?”

“எடுத்துடு.”

“சௌம்யா?”

“காலைலேர்ந்து அழுதுகினே இருந்தா. பந்தில பாயசம் கவுந்து மாமியார் புடவைல ஊத்திச்சு பாரு, அப்பதான் சிரிச்சா. அந்த ஒரு படம் போதும், மொத்த ஆல்பத்துக்கும்.”

“இவங்க முன்னாடி பார்த்திருக்காங்க. இருக்கட்டும்.”

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கல்யாணம் நடந்து முடிந்தது. நாதஸ்வரக்காரர் தூங்கிவிட்ட கல்யாணம், மோதிரம் தொலைந்து சர்ச்சே குனிந்து தேடிய கல்யாணம். சொல்லச் சொல்ல பிரகாசத்தின் குரலில் வயது குறைந்துகொண்டே வந்தது.

“அடுத்து ஞானகுமாரி. இவங்க...”

“அது மட்டும் இருக்கட்டும்மா” என்று அவசரமாகக் குறுக்கிட்டார். “தொறக்காட்டியும் பரவால்ல. உட்டுடு.”

ரெனிதா சிரித்தாள். “திறக்கலன்னு யார் சொன்னது? எல்லாருக்கும் ஸ்பேம்ல விழுந்தப்பகூட, இவங்க மட்டும் அதுக்குள்ள போய்த் தேடி எடுத்துப் பார்த்திருக்காங்க. ஒரு வருஷம்கூட விடல. இதோ, போன மாசமும் பார்த்திருக்காங்க. ஒரே நாள்ல பல தடவை.”

பிரகாசம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெசமாவாம்மா?”

“நிஜமாதான். ஆனா ஒரு பிரேம்கூட கேட்டதில்ல. அந்தக் கல்யாணத்துல அப்படி என்ன படம் அங்கிள் எடுத்தீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

“அத நான் எடுக்கலம்மா. அந்தக் கல்யாணத்துல மாப்பிள்ளையே நான்தான். கோச்சிகினு பூந்தமல்லிக்கு அவங்கம்மா ஊட்டுக்குப் போனவளுக்கு நேரா எழுத தைரியம் இல்லாமத்தான், ஊர்ல கீற எல்லாருக்கும் சேத்து அனுப்ப ஆரம்பிச்சேன்.”