விடுதிச் சாப்பாடு

"இருங்க மேடம், நாங்க பேசிக்கிட்டு இருக்கும்போது நடுவுல..."

"நீங்க பேசி முடிச்சிட்டா அந்தப் பொண்ணு செஞ்சியைத் தாண்டவே மாட்டாளே சார்!"

"ஏன் தாண்டணும்? எங்க காலேஜ்ல கோர்ட் இல்லையா, போர்டு இல்லையா?"

"போர்டு இருக்கு. வளையத்துல வலை இருக்கா?"

மோர் டம்ளர்களோடு வந்த பத்மினி, அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். வெயில் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடிக்க வேண்டும்; அது அந்த வீட்டு வழக்கம். கூடத்திலோ சண்டை முடிகிற மாதிரி தெரியவில்லை.

கத்திக்கொண்டிருந்தவர் விநாயகம் மாஸ்டர், உள்ளூர்க் காலேஜின் கூடைப்பந்து கோச். பதிலுக்குப் பதில் கொடுத்தது ஜெயசுதா மேடம், சென்னைக் காலேஜின் கோச். அழைக்காமலே காரில் வந்து இறங்கியவள். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றுதான்: மாவட்டப் போட்டியில் தோற்கவிருந்த ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்த பத்மினியின் மகள் ஜினப்பிரியா.

மகளுக்குச் சென்னைதான் ஆசை. ஆனால் உள்ளூர்க் காலேஜின் மேனேஜர் வீராசாமி, கணவர் குணபாலனுக்குக் கடைத்தெருப் பழக்கம். ஒரு கல்யாணப் பந்தியில் அவர் கேட்க, "உங்க காலேஜ் இருக்கும்போது வேற எங்க அனுப்பப் போறேன்?" என்று இந்த மனுஷன் சொல்லித் தொலைத்துவிட்டார். கொடுத்த வார்த்தையை மாற்றுவது அவருக்கு ஆகாத காரியம். நேற்றிலிருந்து ஜினப்பிரியா அப்பாவோடு பேசவில்லை. சாப்பிடவும் இல்லை.

வீராசாமி இப்போது நல்ல நாற்காலியாகப் பார்த்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஜெயசுதா பத்மினியின் பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்க வழக்கம் எதுவும் அங்க கெடாது. சாயங்காலம் அஞ்சரைக்கே சாப்பாடு. வெங்காயம், கிழங்கு சேர்க்காம தனியாவே செய்யச் சொல்லிட்டேன்."

பத்மினிக்கு அந்த இடத்திலேயே மனசு சாய்ந்துவிட்டது. வாயைத் திறக்கத்தான் வழியில்லை.

"சாப்பாடெல்லாம் ஒரு விஷயமா?" என்றார் வீராசாமி. "குணபாலு வார்த்த குடுத்துட்டாரு. அவ்ளோதான்."

குணபாலன் தரையைப் பார்த்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க சார், சாப்பாடுதான் விஷயமே!" என்று விநாயகம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நம்ம ஹாஸ்டலைப் பத்திக் கேளுங்கம்மா. காலையில ரெண்டு முட்டை, கட்டாயம். புதன், ஞாயிறு கோழி..."

வீராசாமி இருமினார்.

"தண்ணி குடிங்க சார்," என்று சொம்பை அவர் பக்கம் தள்ளிவிட்டு, விநாயகம் தொடர்ந்தார். "பொண்ணு ஒல்லியா இருக்காளா, தினம் ஒரு டம்ளர் எலும்பு சூப் குடுத்தோம்னு வைங்க..."

"யோவ்!" வீராசாமி அவர் காலை மிதித்தே விட்டார். "இவங்க ஜைனருங்கய்யா!"

"இருக்கட்டும் சார். விளையாட்டுல அதெல்லாம் பாக்கக் கூடாது."

பத்மினி டம்ளர்களைச் சத்தம் வரக் கீழே வைத்தாள்.

"குணபாலு, நீ ஒண்ணும் நெனச்சிக்காத," வீராசாமி அவசரமாக எழுந்தார். "பாப்பாவுக்குத் தனியா சமைக்கச் சொல்லிடறேன். பொழுதோட போட்டுடச் சொல்றேன்."

"எப்படி சார் முடியும்?" விநாயகம் விடவில்லை. "ஒரே அடுப்பு, ஒரே சட்டி. பிராக்டிஸ் முடியவே இருட்டிடும், அப்புறம்தான் சாப்பாடு. இப்பவே சொல்லிடறது நல்லது. நாளைக்கு நம்மளைப் பொய்யன்னு சொல்லிடக் கூடாது பாருங்க."

குணபாலன் நிமிர்ந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று பத்மினிக்குத் தோன்றியது.

"வீராசாமி, தப்பா எடுத்துக்காத. வார்த்த குடுத்தது நெசம்தான். ஆனா அந்தச் சட்டியில எம்பொண்ணு எப்படிச் சாப்புடுவா? நீயே சொல்லு."

வீராசாமி கும்பிட்டுவிட்டு வெளியே போனார். பின்னாலேயே விநாயகமும் செருப்பை மாட்டினார். தெருவில் வீராசாமி போட்ட சத்தம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"யார் ஊட்டுல இன்னா பேசறதுன்னு ஒரு இது வாணாமாய்யா? மண்டையில இருக்குறது மூளையா, பந்தா?"

பைக் கிளம்பிப் போன பிறகுதான் பத்மினிக்கு மூச்சே வந்தது.

அடுத்த கொஞ்ச நேரத்தில் இட்லித் தட்டை இறக்கி, எல்லாரையும் உட்கார வைத்தாள். ஜெயசுதாவையும் விடவில்லை. ஜினப்பிரியா தலை நிமிராமல் சாப்பிட்டாள். குணபாலன் தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து மகள் தட்டில் வைத்தார்.

"போதும் நைனா."

"துன்னு. ரெண்டு நாளு கணக்கு பாக்கி இருக்குதுல்ல."

அவள் சிரித்துவிட்டாள். பத்மினிக்குக் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, ஜெயசுதாவுக்குச் சட்னி ஊற்றினாள்.

"அந்த மாஸ்டரத்தான் நெனச்சா பாவமா இருக்குது மேடம். வெளியூரு ஆளு. எங்க வழக்கம் ஒண்ணும் தெரியாம, பாட்டு வாங்கிக்கினு போறாரு."

ஜெயசுதா வாயருகே கொண்டுபோன இட்லியைத் தட்டிலேயே வைத்தாள்.

"அவருக்கா தெரியாது? 'எங்க காலேஜ்ல அடுத்த வருஷம் பொண்ணுங்க டீமையே கலைச்சிடப் போறாங்க, இந்தப் பொண்ணு வீணாயிடுவா, உடனே வாங்க'ன்னு எனக்கு போன் போட்டதே அவர்தாம்மா. அஞ்சரை மணி, வெங்காயம், கிழங்கு, எல்லாம் அவர் சொல்லிக் குடுத்தது. 'நீங்க இதை மட்டும் சொல்லுங்க மேடம், கோழியை நான் பாத்துக்கறேன்'னாரு!"